நிழற்கடிகாரம் வடித்தல்: தோட்டத்தில் ஒரு வானியல் கருவி

நிழற்கடிகாரம் அது நிற்கும் இடத்துக்கு மட்டுமே உரிய கருவியாகும். ஓர் ஊருக்கெனக் கணித்துச் செதுக்கியதை வேறோர் ஊருக்குப் பெயர்த்துச் சென்றால், அது கருவி என்னும் தகுதியை இழந்து அலங்காரப் பொருளாக நின்றுவிடும். வட்டப் பித்தளைத் தட்டும் அதன்மேல் முக்கோணத் தகடும் கொண்டு பல தோட்டங்களில் காணப்படும் மாதிரி, ஐரோப்பிய நாடுகளின் வெயிலுக்கு ஏற்ப உருவானது. லண்டன் நிலநடுக்கோட்டுக்கு 51½ பாகை வடக்கே இருக்க, திருச்சிராப்பள்ளி 10.8 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், அங்கே சரியாக நேரம் காட்டும் தட்டு இங்கே நடுப்பகலைத் தவிர மற்ற வேளைகளில் பிழையாகவே காட்டும். அத்தகைய தட்டு ஏற்கெனவே கையில் இருந்தால், வடவிளிம்பு தாழ்ந்து நிற்குமாறு 40.7 பாகைச் சாய்வுள்ள மேடையின்மேல் அதை அமர்த்தித் திருத்திக்கொள்ளலாம். புதிதாக வடிப்பவர் அந்த மாதிரியைப் பின்பற்றத் தேவையில்லை.

இந்த அத்தியாயம் திருச்சிராப்பள்ளியில் உள்ள ஒரு வீட்டுத் தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நேரத்தோடு தமிழ் மாதங்களையும், சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நாள்களையும், குடும்பத்துக்குச் சிறப்பான தேதிகளையும் ஒரே கல்லில் காட்டும் கடிகாரத்தை அமைக்கும் முறையை விளக்குகிறது. வேறு ஊரில் அமைப்பவர் தம் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். அவற்றைக் கைப்பேசியின் வரைபடச் செயலியே காட்டிவிடும்.

கோலும் அச்சும்

பூமி தன் அச்சில் ஒரு மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதால், சூரியன் அதே வேகத்தில் வானில் நகர்வதாகத் தோன்றுகிறது. நிழல் தரும் கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தினால், சூரியன் எந்த மாதத்தில் எந்த உயரத்தில் சென்றாலும் குறிப்பிட்ட மணிக்குரிய நிழல் ஆண்டு முழுவதும் ஒரே கோட்டில் விழும். நிலத்தில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு இந்தப் பண்பு இல்லை. அதன் காலை ஒன்பது மணி நிழல் தை மாதத்தில் ஒரு திசையிலும் ஆனியில் வேறொரு திசையிலும் விழும். அச்சுக்கு இணையான கோல் சரியாக வடக்கு நோக்கி, கிடைமட்டத்திலிருந்து அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும் என்பதே நிழற்கடிகாரக் கலையின் அடிப்படை விதி. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சவாய் ஜெய்சிங் ஜெய்ப்பூரில் எழுப்பிய, ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சம்ராட் யந்திரத்தின் சாய்சுவரும் அந்நகரின் அட்சரேகையான 27 பாகை அளவுக்கே உயர்ந்து செல்கிறது. அதன் பெருவளைவில் நிழல் நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

கோல் மணியைச் சொல்லும். நாளைச் சொல்வதற்கு வேறொரு குறி வேண்டும். கோலின் நடுவே ஒரு சிறு மணியைக் கோத்து நிறுத்தினால், அதன் நிழற்புள்ளி மணிக்கோட்டின்மேல் பருவத்துக்கேற்பத் தெற்கும் வடக்குமாக நகரும். இந்த நகர்வுக்குக் காரணமான கோணத்தை நடுவரை விலக்கம் என்பர். அதாவது, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் கற்பிக்கப்படும் பெருவட்டத்திலிருந்து சூரியன் எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதன் அளவு. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் இந்த விலக்கம் ஜூன் 21 அளவில் வடக்கே 23.4 பாகையையும் டிசம்பர் 21 அல்லது 22 அளவில் தெற்கே அதே அளவையும் எட்டி, மார்ச் 20, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய நாள்களை ஒட்டிச் சுழியாகிறது.

எந்த வடிவம்

நிழற்கடிகாரத்துக்குப் பல வடிவங்கள் உண்டு; நிலநடுக்கோட்டை நெருங்கிய ஊர்களில் அவற்றுள் பலவும் பயன் குன்றிவிடுகின்றன. கிடைத்தட்டில் மணிக்கோடுகளின் கோணம், அட்சரேகையின் சைன் மதிப்பை, நடுப்பகலிலிருந்து மணிக்கு 15 பாகை வீதம் எண்ணும் மணிக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி லண்டனில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 பாகை இடைவெளி கிடைக்க, திருச்சியில் 2.9 பாகைதான் கிடைக்கிறது. இரண்டு மணிக்கோடு 6.2 பாகையிலும் மூன்று மணிக்கோடு 10.6 பாகையிலும் நெருக்கிக்கொண்டு நிற்க, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே மட்டும் 55 பாகை வெற்றிடம் கிடக்கும். தெற்கு நோக்கிய சுவரில் அமைத்தாலோ, ஏப்ரல் நடுப்பகுதி கடந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் நாள் முழுவதும் சுவருக்குப் பின்னாலேயே செல்வதால், நான்கு மாதங்களுக்கு மேல் அதில் வெயிலே படாது. ஆள் ஒருவர் நடுவில் நின்று தம் நிழலால் மணி பார்க்கும் நீள்வட்டத் தரைக் கடிகாரமும் இங்கே பொருந்தாது. 6 மீட்டர் நீளமுள்ள நீள்வட்டத்துக்கு 1.1 மீட்டர் அகலமே கிடைக்கும் என்பதோடு, கோடை நண்பகலில் நிழல் மணிக்குறிகளை எட்டாது.

தென்மாவட்டங்களுக்கும் காவிரிப் படுகைக்கும் சிறிய மாற்றத்தோடு சென்னைக்கும் மிக ஏற்றது துருவத்தளக் கடிகாரமாகும். இதில் கல்லே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க, அக்கல்லுக்கு இணையாகக் கோல் சற்று மேலே நிற்கும். குளிர்நாடுகளில் இதற்காகக் கல்லை மிகுந்த சாய்வில் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும், திருச்சியில் 10.8 பாகை மட்டுமே சாய்த்தால் போதும் என்பதால், மேசைப் பலகைபோல எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்க வசதியாக இருக்கும், மழைநீரும் தேங்காமல் தெற்கே வடிந்துவிடும். மணிக்கோடுகள் யாவும் நேரான இணைகோடுகளாக அமைவதால் கல்லில் வெட்டுவதும் எளிது. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நிழல் கல்லைத் தாண்டி ஓடிவிடும் என்பதே இதன் குறை. தோட்டத்தில் அந்த நேரங்களில் வெயில் மரங்களுக்குப் பின்னால் இருப்பதே வழக்கமாதலால் அந்த இழப்பு பெரிதன்று.

கோடுகளை வரைதல்

கிழக்கு மேற்காக 100 சென்டிமீட்டரும் தெற்கு வடக்காக 45 சென்டிமீட்டரும் உள்ள கல்லும், அதன் முகத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் கோலும் இங்கே அளவாகக் கொள்ளப்படுகின்றன. கோலின் உயரம் என்பது கோலின் நடுவிலிருந்து கல்லின் முகம் வரையுள்ள செங்குத்துத் தூரம். இதில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் எல்லாக் கோடுகளும் தவறும் என்பதால், முதலில் கோலைப் பொருத்தி உயரத்தை அளந்துவிட்டு, அந்த உண்மையான அளவைக் கொண்டே கோடுகளைக் கணிப்பது நல்லது.

கல்லின் நடுவே தெற்கு வடக்காக ஒரு கோடு வரைந்தால் அது நடுப்பகல் கோடு. கோல் இதற்கு நேர்மேலே நிற்கும். மணிக்கு நேர்கீழே அதைச் செங்குத்தாக வெட்டிக் கிழக்கு மேற்காகச் செல்லும் கோடு சமநாள் கோடு. இரவும் பகலும் ஒத்திருக்கும் நாள்களில் மணியின் நிழல் காலை முதல் மாலை வரை இந்த நேர்கோட்டிலேயே நகரும். ஒவ்வொரு மணிக்கோடும் நடுப்பகல் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வரும் என்பதை அறிய, கோலின் உயரத்தை மணிக்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். அவ்வாறு பெருக்கினால் ஒரு மணிக்கு 3.2, இரண்டு மணிக்கு 6.9, மூன்று மணிக்கு 12, நான்கு மணிக்கு 20.8, ஐந்து மணிக்கு 44.8 சென்டிமீட்டர் என வரும். அதே தொலைவுகளை மறுபக்கம் வைத்தால் பதினொன்று முதல் ஏழு வரையிலான முற்பகல் மணிகள் கிடைக்கும். காலையில் சூரியன் கிழக்கே இருக்க நிழல் மேற்கே விழும் என்பதால் முற்பகல் எண்கள் மேற்குப் பாதியில் இடம்பெற வேண்டும். கல்தச்சரிடம் கொடுக்கும் தாளில் நான்கு திசைகளையும் பெரிய எழுத்தில் குறித்துவிட்டால் பக்கம் மாறிப்போகாது. அரைமணிக் கோடுகளை மெல்லியனவாக இடலாம். அதற்கும் நுணுக்கமான பிரிவுகள் நடுப்பகலை ஒட்டிய பகுதியில் நெருக்கத்தையே உண்டாக்கும்.

சூரியன் புள்ளியன்று, அரைப் பாகைக்குச் சற்று மிகுந்த அகலமுள்ள வட்டம். ஆகவே எந்த நிழலின் விளிம்பும் கூர்மையாக இராது. ஒரு கோலின் நிழலில் நடுவே முழு இருள் தங்க வேண்டுமானால், நிழல் செல்லும் தூரத்தில் நூற்றேழில் ஒரு பங்குக்குக் குறையாத தடிமன் கோலுக்கு வேண்டும். இக்கல்லில் மிகத் தொலைவான நிழல் ஏறத்தாழ அரை மீட்டர் செல்வதால் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோலும், அதிலிருந்து வேறுபடுத்திக் காண்பதற்கு 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணியும் தகும்.

மாதக் கோடுகள்

தமிழ் மாதங்கள் சூரியனின் நிலையைக் கொண்டே பிறப்பவை. ஆதலால் நிழற்கடிகாரத்தில் அவற்றைக் காட்டுவதைப்போல இயல்பான அலங்காரம் வேறில்லை. ஒரு மாதம் பிறக்கும் நாளில் சூரியனுக்குள்ள நடுவரை விலக்கத்தை எடுத்து, அதன் டேன்ஜென்டைக் கோலின் உயரத்தால் பெருக்கினால், அன்று நடுப்பகலில் மணியின் நிழல் சமநாள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்பது கிடைக்கும். ஆறு மாத இடைவெளியுள்ள மாதங்கள் ஒரே அளவை எதிரெதிர்ப் பக்கங்களில் பெறுவதால் ஆறு எண்களே போதும். சித்திரைக்கும் ஐப்பசிக்கும் விலக்கம் 9.4 பாகை, நிழல் தூரம் 2.0 சென்டிமீட்டர், வைகாசிக்கும் கார்த்திகைக்கும் 18.8 பாகை, 4.1 சென்டிமீட்டர், ஆனிக்கும் மார்கழிக்கும் 23.3 பாகை, 5.2 சென்டிமீட்டர், ஆடிக்கும் தைக்கும் 21.3 பாகை, 4.7 சென்டிமீட்டர்; ஆவணிக்கும் மாசிக்கும் 13.5 பாகை, 2.9 சென்டிமீட்டர்; புரட்டாசிக்கும் பங்குனிக்கும் 2.3 பாகை, 0.5 சென்டிமீட்டர். சித்திரை முதல் புரட்டாசி வரையிலான கோடுகள் சமநாள் கோட்டுக்குத் தெற்கேயும், ஐப்பசி முதல் பங்குனி வரையிலானவை வடக்கேயும் அமையும்.

இவை நடுப்பகலுக்குரிய தூரங்கள். மற்ற மணிகளில் நிழல் மேலும் விலகும் என்பதால் அத்தூரத்தை ஒரு மணிக்கும் பதினொன்றுக்கும் 1.035ஆலும், இரண்டுக்கும் பத்துக்கும் 1.155ஆலும், மூன்றுக்கும் ஒன்பதுக்கும் 1.414ஆலும், நான்குக்கும் எட்டுக்கும் 2ஆலும், ஐந்துக்கும் ஏழுக்கும் 3.864ஆலும் பெருக்கி, அந்தந்த மணிக்கோட்டில் புள்ளியிட்டு, வளையும் ஈர்க்குச்சியை வைத்துப் புள்ளிகளை இணைக்க வேண்டும். மார்கழிக் கோடு அவ்வகையில் நடுப்பகலில் 5.2 சென்டிமீட்டரில் தொடங்கி, மூன்று மணிக்கு 7.3, நான்கு மணிக்கு 10.3, ஐந்து மணிக்கு 20 சென்டிமீட்டர் என விரிந்து கல்லின் விளிம்பைத் தொடும். ஆனிக் கோடு அதன் பிம்பமாகத் தெற்கே விரியும். நண்பகலை ஒட்டிப் புரட்டாசி, பங்குனிக் கோடுகளும் சமநாள் கோடும் மிக நெருங்கிவிடுவதால், அங்கே ஒன்றை மட்டும் முழுமையாக வெட்டிவிட்டு மற்றவற்றை விளிம்பில் சிறு கோடுகளாகக் காட்டுவது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இந்தக் கோடுகளைக் கல்லில் வெட்டி ஓராண்டு கவனிக்கும் எவருக்கும் ஒரு வேறுபாடு புலப்படும். தை முதல் நாளே சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. மணியின் நிழலோ மார்கழி ஆறாம் அல்லது ஏழாம் நாளிலேயே வடக்கெல்லையைத் தொட்டுத் திரும்பி, பொங்கலன்று அரை சென்டிமீட்டர் தெற்கே வந்துவிட்டிருக்கும். விண்மீன்களின் பின்னணியில் சூரியன் நிற்கும் இடத்தைக் கொண்டு மாதங்கள் கணக்கிடப்படுவதும், பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரத்தின் தலையாட்டத்தைப்போல வானில் ஒரு சுற்றுச் சுற்றிவருவதால் பருவங்களும் விண்மீன்களும் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே போவதுமே இதற்குக் காரணம். இரண்டு கணக்குகளும் ஒத்திருந்த காலம் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது. ஆகவே நிழல் எல்லையைத் தொட்டுத் திரும்பும் திருப்ப நாளுக்குரிய எல்லைக் கோட்டையும் தைக் கோட்டையும் தனித்தனியே வெட்டிப் பெயரிடுவதே முறை. இரண்டுக்கும் இடையேயுள்ள அந்த அரை சென்டிமீட்டரைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அச்சின் ஆட்டத்தை விளக்கலாம். இன்று வெட்டும் மாதக் கோடுகளும் எழுபது ஆண்டுகளில் ஒரு நாள் அளவுக்குத் தவறத் தொடங்கும் என்பதால், வெட்டிய ஆண்டைக் கல்லின் ஓரத்தில் பொறித்து வைப்பது கடமை.

குடும்பத்துக்கு உரிய குறிகள்

வெப்பமண்டல ஊர்களுக்கே வாய்த்த சிறப்பு, ஆண்டில் இரு நாள்களில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து செங்குத்துப் பொருள்களின் நிழல் அடியிலேயே மறைந்துவிடுவது. சூரியனின் விலக்கம் ஊரின் அட்சரேகைக்குச் சமமாகும் நாள்களே அவை. திருச்சியில் ஏப்ரல் 18ஐயும் ஆகஸ்ட் 24ஐயும் ஒட்டி இது நிகழும். இதற்குரிய புள்ளி நடுப்பகல் கோட்டில், சமநாள் கோட்டுக்கு 2.3 சென்டிமீட்டர் தெற்கே வரும். அங்கே ஒரு பித்தளைக் குமிழைப் பதித்தால், நிழலில்லா நாளில் மணியின் நிழல் சரியாக அதன்மேல் அமரும். சித்திரை முதல் நாளின் விலக்கம் 9.4 பாகை என்பதால், ராமநாதபுரம், சிவகாசி, ராஜபாளையம் பகுதிகளில் தமிழ்ப் புத்தாண்டு நண்பகலிலேயே இது ஏறத்தாழ நிகழ்ந்துவிடுகிறது; அப்பகுதியில் கடிகாரம் அமைப்போர் சித்திரைக் கோட்டை இதற்காகவே சற்று ஆழமாக வெட்டலாம்.

பிறந்த நாள், திருமண நாள் போன்றவற்றுக்குத் தனிக்கோடு வரைவதற்கு அந்தத் தேதியின் விலக்கம் வேண்டும். ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்நாள் எத்தனையாவது நாள் என்று எண்ணி, அதனோடு 284ஐக் கூட்டி, 360ஆல் பெருக்கி, 365ஆல் வகுத்து, கிடைக்கும் பாகையின் சைன் மதிப்பை 23.45ஆல் பெருக்கினால் போதிய துல்லியத்தோடு விலக்கம் கிடைத்துவிடும். ஆகஸ்ட் 10 ஆண்டின் 222ஆம் நாள், கணக்கு 15.4 பாகை வடக்கு என்று தர, நடுப்பகலில் நிழல் சமநாள் கோட்டுக்கு 3.3 சென்டிமீட்டர் தெற்கே விழும். திருப்ப நாள்களைத் தவிர மற்ற எல்லா நாள்களுக்கும் இவ்வாறு ஓர் இணைநாள் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: ஜூன் திருப்பத்துக்கு ஐம்பது நாள்கள் பின்னே வரும் ஆகஸ்ட் 10க்கும், அதற்கு ஐம்பது நாள்கள் முன்னே வரும் மே 2க்கும் கோடு ஒன்றே. குடும்பத்தில் இருவரின் நாள்கள் இப்படி இணைந்துவிட்டால் ஒரே கோட்டில் இரு பெயர்களையும் பொறிக்கலாம்.

பகலில் நிகழ்ந்த பிறப்பானால் நேரத்தையும் சேர்த்து ஒற்றைப் புள்ளியாகவே குறிக்க முடியும். ஆகஸ்ட் 10 அன்று காலை 10.30 மணி என்பதை, அடுத்த பகுதியில் விளக்கப்படும் திருத்தத்தைக் கழித்துச் சூரிய நேரமாக மாற்றினால் 10.10 ஆகும், அந்த நேரத்துக்கு மணியின் நிழல் நடுப்பகல் கோட்டுக்கு 6.3 சென்டிமீட்டர் மேற்கேயும் சமநாள் கோட்டுக்கு 3.7 சென்டிமீட்டர் தெற்கேயும் விழும். அங்கே சிறு குழியிட்டுச் செம்பு ஆணி ஒன்றைப் பதித்தால், ஆண்டுதோறும் அதே நாளில் அதே வேளையில் நிழல் அதைத் தொட்டுச் செல்லும். நட்சத்திரப்படி கொண்டாடும் பிறந்த நாள் சந்திரனைப் பின்பற்றி ஆண்டுக்காண்டு நகர்வதால் அதைச் சூரிய நிழலால் குறிக்க இயலாது. குறிகள் ஐந்தாறுக்கு மேல் போனால் கல் புள்ளிகளின் கூட்டமாகிவிடும். எதிர்காலத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இடம் விட்டு வைப்பது நல்லது.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுதல்

கல்லில் தெரிவது உண்மையான சூரிய நேரம். கையில் கட்டியிருப்பது இந்திய சீர் நேரம். சீர் நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைத் தழுவி 1906இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானியல் ஆய்வகத்தின் நேரமே நாட்டின் ரயில்களுக்கு அளவாக இருந்தது. திருச்சி 78.7 பாகையில் இருப்பதால், பாகைக்கு 4 நிமிடம் வீதம் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது சீர் நேரத்துக்கு 15 நிமிடம் பிந்தியே. இது மாறாத வேறுபாடு. மாறும் வேறுபாடு ஒன்றும் உண்டு: பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரிய நாளின் நீளம் சற்றே கூடிக் குறைந்து, அந்தச் சிறு வேறுபாடுகள் நாள்தோறும் சேர்ந்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியனை 14 நிமிடம் பிந்தவும் நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிடம் முந்தவும் செய்கின்றன. இதை நேரச் சமன்பாடு என்பர்.

இரண்டையும் கூட்டினால், திருச்சியில் கல் காட்டும் நேரத்தோடு தை முதல் நாளில் 24 நிமிடமும், மாசி முதல் நாளில் 29 நிமிடமும், சித்திரையிலும் ஆனியிலும் ஏறத்தாழ 16 நிமிடமும், ஆடியில் 21 நிமிடமும், புரட்டாசியில் 10 நிமிடமும் சேர்த்தால் கைக்கடிகார நேரம் வரும். ஐப்பசி, கார்த்திகை முதல் நாள்களில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு மாதம் முழுவதும் கல்லும் கைக்கடிகாரமும் ஒன்றையே சொல்லும். இந்தத் திருத்தத்தைக் கோடுகளிலேயே புகுத்திவிடலாம் என்று கருதுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் பன்னிரண்டு மணிக்கோடு சூரியன் உச்சியைக் கடக்கும் கணத்தைக் காட்டாமல் போகும், கல்லின் சமச்சீரும் கெடும். திருத்தத்தை மாதக் கோடுகளின் முனையில் சிறு எண்களாக வெட்டிவைப்பதே சிறந்தது.

நேரச் சமன்பாட்டைக் கண்ணால் காணவும் வழி உண்டு. ஓராண்டு முழுவதும் வாரம் ஒருமுறை, சீர் நேரம் 12.15க்கு மணியின் நிழல் விழும் இடத்தில் பென்சிலால் புள்ளியிட்டு வந்தால், அவை இணைந்து 10 சென்டிமீட்டர் நீளமும் 1½ சென்டிமீட்டர் அகலமும் உள்ள எட்டு வடிவத்தைத் தரும். பிள்ளைகள் இட்ட புள்ளிகளின்மேல் பின்னர் உளியால் வெட்டிக்கொள்ளலாம். கணித்து வரைந்ததைவிட அது சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்த வீட்டின் வானத்திலிருந்து நேராகப் பெறப்பட்டது.

கல்லும் உலோகமும்

மெருகேற்றிய கருப்புக் கல்லில் வானம் பிரதிபலிக்க, நிழல் அதில் கரைந்துவிடும். வெண்பளிங்கு நண்பகலில் கண்ணைக் கூசச் செய்யும். இளஞ்சாம்பல் நிறக் கருங்கல்லை மெருகேற்றாமல் நுண்ணிதாகக் கொத்திச் சமன் செய்த முகமே நிழலைத் தெளிவாகக் காட்டும். கோடுகளை 2 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிக் கருஞ்சாயம் நிரப்பலாம். கோலுக்குத் துருப்பிடிக்காத எஃகும், அதைத் தாங்கும் இரு குறுங்கால்களுக்கும் மணிக்கும் பித்தளையும் ஏற்றவை. லேத் பட்டறையில் மணியைத் துளைத்துச் சிறு திருகாணியால் கோலின் நடுவே இறுக்கிவிடலாம். கல்லில் கை வைப்பதற்கு முன் முழு அளவில் ஒட்டுப்பலகையில் வரைந்து, சில வாரங்கள் வெயிலில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பலகையில் நேர்ந்த பிழைக்கு ரப்பர் போதும்.

நிறுவுதல்

காலை எட்டு முதல் மாலை நான்கு வரை தடையின்றி வெயில் விழும் இடம் தேவை. டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கேயும், ஜூனில் 12½ பாகை வடக்கேயும் செல்வதால், தெற்கே நிற்கும் உயரமற்ற மரங்கள் இடையூறு செய்யா; கிழக்கிலும் மேற்கிலும் உள்ள தென்னைகளே நிழல் வீழ்த்தும். தோட்டத்தில் அத்தகைய திறப்பு இல்லையென்றால் மொட்டை மாடி நல்ல மாற்று.

வடக்கை அறியக் காந்தத் திசைகாட்டியை நம்புதல் கூடாது. அது காந்த வடக்கைக் காட்டுவதோடு, அடித்தளத்திலுள்ள இரும்புக் கம்பிகளாலும் தடுமாறும். சமதளத்தில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் வரைந்து, கோலின் நுனிநிழல் முற்பகலில் வட்டத்தைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் தொடும் புள்ளியையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடாகும். நிழலால் திசையறிந்து மனை வகுப்பது இந்நிலத்தில் மிகப் பழைய தொழில். கோல்களின் நிழல் நோக்கித் திசை தேர்ந்து, கயிறிட்டு அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தி நெடுநல்வாடையில் உள்ளது. இவ்வேலைக்கு உகந்த காலம் மார்கழி. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் நிழல் மிகக் குறுகிவிடுவதோடு, சூரியனின் திசையும் சில நிமிடங்களில் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவிவிடும். டிசம்பர் 25 அன்று நேரச் சமன்பாடு சுழியாக இருப்பதால் திருச்சியில் சரியாக 12.15க்குத் தூக்குக்குண்டின் நூல்நிழல் தெற்கு வடக்காக விழும். வட்டத்தால் பெற்ற கோட்டை அதைக் கொண்டு சரிபார்க்கலாம்.

மேடையின்மேல் கல்லை வைத்து, வடவிளிம்பு தென்விளிம்பைவிட 8.4 சென்டிமீட்டர் உயருமாறு முதலில் மர ஆப்புகளால் தாங்க வேண்டும்; சென்னையில் இது 10.2 சென்டிமீட்டராகவும் கன்னியாகுமரியில் 6.3 சென்டிமீட்டராகவும் இருக்கும். கிழக்கு மேற்குத் திசையில் கல் முற்றிலும் மட்டமாக இருப்பதே எல்லாவற்றிலும் முக்கியம். அந்தத் திசையில் ஒரு பாகை சாய்ந்தால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 4 நிமிடப் பிழை நிற்கும். வடக்கு நோக்குதலில் ஒரு பாகை தவறினாலோ நண்பகலில் டிசம்பரில் இரண்டரை நிமிடமும் ஜூனில் எதிர்ப்பக்கமாக ஒரு நிமிடமுமே பிழை வரும். எனவே கொத்தனாரின் ரசமட்டத்துக்கே இங்கே முதலிடம். பிழை எல்லா மாதத்திலும் ஒரே அளவாக இருந்தால் மட்டத்தையும், பருவத்துக்குப் பருவம் பக்கம் மாறினால் திசையையும் திருத்த வேண்டும்.

சாய்வைச் சரிபார்க்க வெயிலே தேவையில்லை. மணியிலிருந்து மெல்லிய நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அதன் முனை நிழலில்லா நாளுக்கெனப் பதித்த பித்தளைக் குமிழின்மேல் துல்லியமாக வந்து நிற்க வேண்டும். தெற்கே தள்ளி நின்றால் சாய்வு மிகுதி, வடக்கே நின்றால் குறைவு, பக்கவாட்டில் விலகினால் மட்டம் தவறியது. இரவில் கோலின் தென்முனையில் கண்ணை வைத்து அதன் நீளவாக்கில் நோக்கினால், அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில் துருவ விண்மீன் கோலின் மறுமுனையை ஒட்டித் தெரியும். அது உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியுள்ளது. இச்சோதனைகள் எல்லாம் ஒத்துவந்த பிறகே ஆப்புகளை எடுத்துச் சிமெண்டுக் கலவையிட்டு, அது இறுகும் முன் தூக்குக்குண்டை மீண்டும் ஒருமுறை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

மேடை புதிதாகக் கட்டியதானால், முதல் மழைக்காலத்துக்குப் பின் மண் இறங்கிக் கல் சற்றுச் சாயக்கூடும். ஆண்டுதோறும் கார்த்திகை மழை ஓய்ந்ததும் தூக்குக்குண்டால் சோதித்து, பாசியை நார்த்தூரிகையால் தேய்த்து நீக்கி, கோடுகளில் சாயம் உதிர்ந்த இடங்களை நிரப்பி, மணியின் திருகாணி இறுக்கமாக உள்ளதா என்று பார்த்துவிட்டால், மார்கழித் திருப்பத்தைக் காணக் கடிகாரம் ஆயத்தமாக இருக்கும்.